முன்னாடி என்றால் எந்தப் பக்கம்

கி.மு. சாரின் இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன. இடது கை முழம் அளக்கும், வலது கை முடிச்சுப் போடும், பல்லிடுக்கில் ஒரு துணிக்கிழிசல் தொங்கும். முடிச்சு இறுகியதும் கிழிசலை எடுத்து அதன்மேல் கட்டுவார். கயிற்றின் ஒரு முனை என் முதலுதவி அறையின் பெஞ்சுக்கடியில் கிடந்தது. மறு முனை வாசலைத் தாண்டி நடைகூடத்துக்குப் போய்விட்டது. எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒழுங்காக வெட்டுகிற கத்தரிக்கோல் என்னிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வந்தவர் முக்கால் மணி நேரமாகியும் கிளம்பவில்லை.

"அக்கா, இது முப்பத்தொன்பதா, நாப்பதா?"

"நான் எண்ணல."

"உங்க உதடு அசைஞ்சுதே."

"நாப்பத்தொண்ணு," என்றேன். நாற்பது வருடம் நாடி பிடித்த பழக்கம். எது சீராக அசைந்தாலும் வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிடும்.

ஒரு நூற்றாண்டுக்கு ஒரு முழம். அறுபது முடிச்சு போட்டால் ஆறாயிரம் வருடம். அவர் முழம் என் முழத்தைவிட நான்கு விரல் கூடுதல் என்பதால் அவருடைய நூற்றாண்டும் கொஞ்சம் நீளம்தான். துணிக்கிழிசல்கள் அவர் மனைவியின் தையல்கடையில் மிஞ்சியவை: பள்ளிச் சீருடையின் நீலம், யாரோ ஒருவரின் திரைச்சீலை, கோடுபோட்ட பைஜாமா. இன்றைய முனையிலிருந்து இருபதாவது முடிச்சில் மட்டும் பளிச்சென்று சிவப்பு. அங்கேதான் கி.மு. முடிந்து கி.பி. தொடங்குகிறது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆகப்போகிறவர்களுக்கு இவர் பண்டைய வரலாறு நடத்துகிறார். அதனால்தான் அந்தப் பெயர். நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாயிற்காவலரே கொஞ்சம் யோசிப்பார். ஒவ்வொரு வருடமும் முதல் நாள் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து, "சின்னப் பிள்ளைங்களுக்கு அ, ஆ சொல்லித்தரப் போறோம். எங்களுக்கு எதுக்கு சார் பிரமிடு?" என்று கேட்பார். அவர் கோபப்பட மாட்டார். பல வருடங்களுக்கு முன்னால் நடந்த கதையைச் சொல்வார். ஒரு பயிற்சி ஆசிரியர் மாதிரி வகுப்பில் டைனோசரைக் கொண்டு பிரமிடுக்குக் கல் இழுக்க வைத்தார். முப்பது பிள்ளைகளும் அதை அப்படியே படமாக வரைந்து கொடுத்தார்கள். "அந்த முப்பது பேரும் இன்னிக்குப் பெரியவங்க ஆகியிருப்பாங்க. டைனோசர் இன்னும் கல் இழுத்துக்கிட்டேதான் இருக்கும்," என்பார்.

அவர் வகுப்பில் ஒரு சொல்லுக்குத் தடை உண்டு. 'அந்தக் காலத்துல' என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "எந்தக் காலத்துல?" என்று கேட்கும். சொன்னவர் பதில் கண்டுபிடித்துக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரு முறை எங்கள் முதல்வர் அம்மாவே மாட்டிக்கொண்டார். எழுதவும் செய்தார்.

அவருடைய அப்பா கிணறு வெட்டுகிறவர். உள்ளே இறங்கி வெட்டிக்கொண்டே என்ன மண் வருகிறது என்று மேலே பார்த்துக் கத்துவாராம். கரையில் நின்று மகன் அதை நோட்டில் எழுதிக்கொள்வான். கீழே போகப் போகப் பழைய மண் என்பது அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது. பிற்பாடு கல்லூரியில் மற்ற பாடங்களுக்கு இடம் கிடைக்காமல் வரலாற்றில் சேர்ந்தபோது, இதை நான் ஏற்கெனவே படித்துவிட்டேனே என்று தோன்றியதாம். அவர் மனைவி இதைக் கேட்டு அசருகிறவர் இல்லை. "ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தி யார் என்ன சாப்பிட்டான்னு சொல்லுவார். காலையில வாங்கச் சொன்ன பால் மட்டும் சாயங்காலம் வரைக்கும் ஞாபகத்துக்கு வராது," என்பார்.

அன்று கயிறு கட்டியதற்குக் காரணம் இருந்தது. அடுத்த பருவத்திலிருந்து பண்டைய வரலாற்றை எடுத்துவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தை முதலுதவிக்குக் கொடுக்கலாம் என்று முதல்வர் அம்மா கல்வி வாரியத்துக்கு எழுதியிருந்தார். வாரியத்து அதிகாரி ஒருவர் மறுநாள் வந்து மாதிரி வகுப்பு ஒன்றைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார். பாடம் போனால் கி.மு. சார் சேர்க்கைப் பிரிவில் விண்ணப்பங்களைத் தைத்து அடுக்கப் போக வேண்டும். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே போன இரண்டு ஆசிரியர்கள் பிறகு வகுப்புக்குத் திரும்பவே இல்லை.

முதலுதவி வகுப்பு என்றால் நான்தான். அதாவது அவரிடமிருந்து போகிற இரண்டு மணி நேரமும் என்னிடம்தான் வரும்.

நாற்பத்திரண்டாவது முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டார். "அக்கா, அவங்க குடுத்தா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களா?"

"சொல்ல மாட்டேன். பாதி டீச்சருக்குக் கட்டுப் போடத் தெரியாது. குடுத்தா வாங்கிப்பேன்."

"அதுவும் நியாயந்தான்," என்று அடுத்த முழத்தை அளந்தார். மனதில் வைத்துக்கொள்கிறவர் இல்லை. ஆனால் அன்று சிவப்புத் துணியை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார்.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் மூன்று பேனா. பயிற்சி ஆசிரியர்களில் யார் வகுப்பெடுப்பது என்பதை அவரேதான் தேர்ந்தெடுப்பார். வருகைப் பதிவேட்டில் கண்ணை மூடிக்கொண்டு பேனாவை வைத்தார்.

"பதினேழு யாரு?"

நாற்பது பயிற்சி ஆசிரியர்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். பதினேழு என்பது தந்தி. அந்தப் பெண் கெட்டிக்காரிதான். ஆனால் வார்த்தைகளைத் தந்தி அலுவலகத்தில் கொடுப்பதுபோல் எண்ணிக் கொடுப்பாள். அவளுடைய விடுப்புக் கடிதம் 'ஜுரம். வரவில்லை.' என்று இருக்கும். ஒரு முறை கால் சுளுக்கி என்னிடம் வந்தபோது எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். "கால்," என்றாள். எந்தக் கால் என்பதை நானே பார்த்துக் கண்டுபிடித்தேன்.

பக்கத்துப் பள்ளியிலிருந்து நான்காம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். மைதானத்தில் கயிறு நீளமாகக் கிடந்தது. பாடப்புத்தகத்தில் காலக்கோடு வரைந்திருக்கிற மாதிரியேதான் கி.மு. சார் போட்டிருந்தார். பழையது அந்தப் பக்கம், மரத்தடியில்; இன்று இந்தப் பக்கம், நுனியில் ஓர் அம்புக்குறி. பிள்ளைகள் சிவப்புத் துணியருகே இரண்டு வரிசையாக, அம்புக்குறி காட்டுகிற பக்கம் பார்த்து நின்றார்கள்.

பாடக்குறிப்பில் அவர் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்தார்: 'எல்லோரும் திரும்பி, அந்த மரத்தின் பக்கமாக, பத்து முடிச்சு நடந்து, கி.மு. ஆயிரத்துக்குப் போங்கள்.' பத்துக்கு மேற்பட்ட சொற்கள். தந்திக்கு அது ஒரு வாரத்துச் செலவு.

"ஆயிரம் வருஷம் முன்னாடி போங்க," என்றாள்.

பாதிப் பிள்ளைகள் முன்னாடிதான் போனார்கள். முகத்துக்கு நேரே, அம்புக்குறியைப் பார்த்து, ஓட்டமாக. மீதிப் பேர், முன்னாடி என்றால் ரொம்ப காலத்துக்கு முந்தி என்று புரிந்துகொண்டு, திரும்பி மரத்தைப் பார்த்து ஓடினார்கள். இரண்டு கூட்டமும் சிவப்புத் துணியின் மேல் முட்டிக்கொண்டன. ஒரு குண்டுப் பையனின் முகவாய் ஒரு பெண்ணின் நெற்றியில் பட்டது. பையன் அழுதான். அந்தப் பெண் அழவில்லை. அவள் நெற்றிதான் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியது.

நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவதற்குள் தூசி அடங்கியிருந்தது. பன்னிரண்டு பேர் கி.பி. ஆயிரத்தில் நின்றார்கள். பத்துப் பேர் கி.மு. ஆயிரத்தில் நின்றார்கள். இரண்டு பேர் என் கையில்.

அதிகாரி கயிற்றை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். "ஒரே ஒரு வார்த்தை. நடுவுல ரெண்டாயிரம் வருஷம்," என்றார். பிறகு கி.மு. சாரிடம் திரும்பினார். "அந்தக் காலத்துல எங்க வாத்தியார் போர்டுல ஒரு கோடு போட்டார். யாருக்கும் அடிபடல."

"எந்தக் காலத்துல?" என்று நாற்பது பேரும் கேட்டுவிட்டார்கள். கேட்க வேண்டும் என்று கேட்கவில்லை. பழக்கம். கேட்ட பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கி.மு. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி மூன்று பேனாக்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு வந்து அறிக்கையில கையெழுத்துப் போடறேன். இன்னிக்கு எழுதினா நல்லதா எழுத மாட்டேன். அதுக்குள்ள காட்டறதுக்கு ஏதாவது இருந்தா காட்டுங்க."

முதல்வர் அம்மா என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார். "சிஸ்டர், எதுக்கும் ரெண்டு மணி நேரத்துக்குப் பாடத்திட்டம் எழுதி வச்சிடுங்க."

தலையில் அடிபட்ட பிள்ளையை, வாந்தி மயக்கம் இல்லாவிட்டாலும், அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். அது என் விதி. நாங்கள் நான்கு பேர் அரசு மருத்துவமனைக்குப் போனோம்: நான், கி.மு. சார், தந்தி, நெற்றியில் வீக்கத்தோடு அந்தப் பெண். அவள் அம்மா பேக்கரி வேலையிலிருந்து சட்டைக்கையில் மாவோடு ஓடி வந்தார். மகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், பாடம் நடத்தறேன்னு சொல்லிட்டுப் போர் நடத்துனீங்களா?" என்று கேட்டார். பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள். "பசிக்குது," என்றாள். அதைவிட நல்ல அறிகுறி கிடையாது.

மருத்துவர் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. சீட்டெல்லாம் கிடையாது. கதவுக்குப் பக்கத்தில் இருப்பவர் உள்ளே போனதும் எல்லோரும் ஓர் ஆள் இடம் நகர வேண்டும். நாங்கள் வால் பக்கம் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் ஏழு பேர்.

சற்று நேரத்தில் கையில் கட்டுப் போட்ட ஒருவர் வெளியே டீ குடித்துவிட்டு வந்து, பெஞ்சின் நடுவில் இருந்த பெரியவரைக் கொஞ்சம் நகரச் சொன்னார்.

"எங்க நகர்றது? கடைசில இடமிருக்கு, அங்க போய் உட்காரு."

"நான் உங்களுக்கு முன்னாடிய்யா."

"எனக்கு முன்னாடி இந்தம்மா உட்கார்ந்திருக்காங்க. நீ எங்க இருக்கே?"

"அட, முன்னாடியே வந்தவன்யா நான்."

"முன்னாடி வந்தவன் முன்னாடிதானே இருக்கணும்? நீ பின்னாடியில்ல நிக்கிறே?"

"டீ குடிக்கப் போனேன்."

"அப்ப டீக்கடை வரிசையில நீதான் முன்னாடி. இங்க நான்."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. பேக்கரி அம்மாகூடச் சிரித்தார். "பந்திக்கு முந்தறவங்களைப் பார்த்திருக்கேன். ஊசிக்கு முந்தறவரை இப்பத்தான் பார்க்கிறேன்," என்றார்.

தந்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"சார். முன்னாடி வந்தவன் முன்னாடிதானே இருக்கணும்."

அவள் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அதுதான். கி.மு. சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். கதவுப் பக்கத்து ஆளிலிருந்து ஒவ்வொருவராக எங்கள் வரை விரலை நீட்டி எண்ணிக்கொண்டு வந்தார்.

"நமக்கு முன்னாடி வந்தவங்க எல்லாரும் நமக்கு முன்னாடி இருக்காங்க," என்றார்.

"ஆமா. அதுக்குப் பேருதான் வரிசை," என்றேன்.

"இல்லக்கா. அவங்க முதுகுதான் நமக்குத் தெரியுது. நமக்கு அப்புறம் வர்றவங்க பின்னாடி வருவாங்க. அவங்க நமக்குத் தெரியமாட்டாங்க. முன்னோர்னு சொல்றோமே, எதுக்கு? அவங்க முன்னாடி நிக்கிறாங்க. பின்னாடி இல்ல." அவர் குரல் உயர்ந்துவிட்டது. பெஞ்சு திரும்பிப் பார்த்தது. "நம்ம பேச்சுல பழசுதான் முன்பக்கம். நான் புத்தகத்துல இருக்கிற அம்புக்குறியைப் பார்த்துப் பிள்ளைங்களை நிக்க வச்சேன். பழசுக்கு முதுகைக் காட்டி நிறுத்திட்டு, முன்னாடி போன்னா அதுங்க எங்க போகும்? இந்தப் பொண்ணு சொன்னதுல தப்பே இல்ல. நான்தான் பிள்ளைங்களைத் தப்பாத் திருப்பி வச்சிருந்தேன்."

"அப்ப கயிறு?" என்று தந்தி கேட்டாள்.

"கயிறு அப்படியே இருக்கட்டும். பிள்ளைங்களைத் திருப்பினா போதும்."

கட்டுப் போட்டவர் இதற்குள் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தார். "யாரு இவரு?" என்று பெரியவர் என்னைக் கேட்டார். "வாத்தியார்," என்றேன். "அதான்," என்றார்.

மருத்துவர் பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று அனுப்பினார். நான் நினைத்ததும் அதுதான். பிள்ளையை அவள் அம்மாவோடு அனுப்பிவிட்டு நாங்கள் மூவரும் நேரே தையல்கடைக்குப் போனோம், போகிற வழிதான். கி.மு. சார் மனைவி ஒரு சட்டையின் கழுத்துப்பட்டையைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் இயந்திரத்தை நிறுத்தாமல் கேட்டார்.

"திருப்பிப் போட்டாச் சரியாயிடும்னு சொல்றீங்க. அவ்வளவுதானே? நாள் பூரா நான் அந்த வேலைதான் பார்க்கிறேன். என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

பிறகு அவர்தான் அடுத்த சிக்கலைக் கண்டுபிடித்தார். பிள்ளைகள் கழுத்தில் தொங்கவிடப் பயிற்சி ஆசிரியர்கள் அட்டைகள் செய்திருந்தார்கள்: சக்கரம், களிமண் எழுத்து, பிரமிடு, இரும்பு, காகிதம், ரயில், கைபேசி. "வரிசையில நின்னா முன்னாடி இருக்கிறவன் முதுகுதானே தெரியும்? அட்டை நெஞ்சுல தொங்கினா யாரு படிக்கிறது?"

தந்தி, "முதுகுல," என்றாள். அட்டைகள் நழுவாமல் இருக்க, தோளில் மாட்டிக்கொள்ளும்படி இரட்டைப் பட்டையைச் சாரின் மனைவி அன்று மாலையே தைத்துக் கொடுத்தார். நான் ஊக்குகள் கொடுத்தேன். அப்படியே கி.மு. சாரிடம் என் கத்தரிக்கோலைக் கேட்டேன். கல்லூரியில் மறந்துவிட்டதாகச் சொன்னார். அதுவும் எனக்குத் தெரிந்ததுதான்.

மறுநாள் காலை எட்டரைக்கே மைதானத்தில் கயிறு கிடந்தது. அம்புக்குறியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். பிள்ளைகள் வந்ததும் தந்தி எல்லோரையும் மரத்தைப் பார்த்து நிற்க வைத்தாள்.

"வரிசை. யாரு முதல்ல வந்தாங்களோ அவங்க முன்னாடி."

அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நிற்கத் தெரியாத பிள்ளை உலகத்தில் இல்லை. முதுகில் அட்டையோடு அவர்களே ஒருவரை ஒருவர் இழுத்து நிறுத்திக்கொண்டார்கள். "டேய் ரயிலு, நீ காகிதத்துக்குப் பின்னாடி வந்தவன், இங்க என்ன பண்றே?" நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய பெண் சக்கரத்தைக் கேட்டு வாங்கி எல்லோருக்கும் முன்னால், ஐம்பத்தைந்தாவது முடிச்சில் போய் நின்றாள். முந்தின நாள் முட்டிய குண்டுப் பையன் கைபேசி. இன்றைய முனையில் கடைசி ஆள். அவனுக்கும் பின்னால் கி.மு. சார் தானாகவே போய் நின்றுகொண்டார்.

தந்தி, இரும்பு அட்டை மாட்டிய பையனைச் சிவப்புத் துணிக்குக் கூப்பிட்டாள். "ஆயிரத்து இருநூறு வருஷம் முன்னாடி போ." பன்னிரண்டு முடிச்சு எண்ணிக்கொண்டே நேராக மரத்தை நோக்கி நடந்தான். பிரமிடை அனுப்பினாள், இருபத்தாறு முடிச்சு. ஒருவரும் திரும்பவில்லை. ஒருவரும் முட்டிக்கொள்ளவில்லை. என் ஐஸ் பெட்டி திறக்கப்படவே இல்லை.

அதிகாரி வரும்போது மணி ஒன்பது நாற்பது. நேராக வரிசையின் முன்பக்கம் போகப் பார்த்தார். கைபேசிப் பையன் கூப்பிட்டான்.

"சார், நீங்க இப்பத்தான வந்தீங்க. கடைசில நில்லுங்க."

முதல்வர் அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அதிகாரி நடந்து வந்து கி.மு. சாருக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து வரிசையின் முதுகுகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனார். கைபேசி, ரயில், காகிதம், சிவப்புத் துணி, இரும்பு. சக்கரம் வரைக்கும் வாசிக்க எக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"தம்பி, எனக்குப் பின்னாடி யாரு?"

பையன் எட்டிப் பார்த்தான். "அவங்க இன்னும் வரல சார்."

அதிகாரியும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். அறிக்கையை வைத்து எழுத இடமில்லை. முன்னால் இருந்த முதுகின் மேல் காகிதத்தை விரித்தார்.

"சார், என்ன எழுதறீங்க?" என்றார் கி.மு. சார், திரும்பாமல்.

"ஆடாம நில்லுங்க. பாடம் தொடரட்டும்னு எழுதறேன். நீங்க ஆடினா வேற மாதிரி வந்துடும்."

மூன்று பேனாக்களில் மை கசிகிற பேனாவைத்தான் எடுத்திருக்கிறார். காகிதத்தைத் தாண்டிச் சட்டையிலும் கையெழுத்தின் பாதி இறங்கிவிட்டது. பத்து மணிக்குக் கி.மு. சார் என் அறைக்கு வந்தார். மையை எடுக்க ஸ்பிரிட் கேட்டார். முதுகைத் திருப்பி நிற்கச் சொல்லிப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். முழுவதும் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு நான் எழுதி வைத்திருந்த பாடத்திட்டத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினேன். கத்தரிக்கோலைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.